மோட்டார் சத்தத்தை மைக் வெட்டிவிடுகிறது

தொழில் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை ஆறு கடிதங்களை எடுத்திருக்கிறேன். ஆறும் ஒரே இடத்தைச் சுற்றித்தான் வருகின்றன. பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்த தொழில் விஷயங்களை இப்போது திரை வழியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் எது போய்ச் சேர்கிறது, எது வழியிலேயே நின்றுவிடுகிறது? பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்தார்கள், அதனால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: ஐயா, இயந்திரப் பராமரிப்பில் முப்பது வருடம் ஓட்டிவிட்டேன். புதிதாக வருகிறவர்களைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துத்தான் வேலை சொல்லிக்கொடுத்தேன். இப்போது வாரம் இரண்டு வகுப்பு ஆன்லைனில் எடுக்கச் சொல்கிறார்கள். கருப்புக் கட்டங்களைப் பார்த்து ஒரு மணி நேரம் பேசுகிறேன். "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்றால் ஒரு சத்தமும் இல்லை. அடுத்த வாரம் அதே தப்பைச் செய்கிறார்கள். கோளாறு என்னிடமா, அவர்களிடமா, இல்லை இந்த முறையே சரிப்படாதா?

பதில்: முறை சரிப்படும். ஆனால் பக்கத்தில் நின்று செய்ததை அப்படியே கேமரா முன்னால் செய்தால் சரிப்படாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

நானும் இருபத்திரண்டு வருடம் இதே வேலையில் இருந்தவன். முதன்முதலாக ஆன்லைனில் வகுப்பு எடுத்தபோது, பேரிங் தேய்ந்த மோட்டார் ஒன்றை மேஜையில் பூட்டி ஓடவிட்டேன். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை, சுழலும் தண்டிலிருந்து தள்ளி, பேரிங் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கூட்டின் மேல் அழுத்தி, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்டுக் காட்டினேன். நல்ல பேரிங் என்றால் சீராக ஒரே ரீங்காரம் வரும், தேய்ந்தது என்றால் அதற்குள்ளே மணலை அரைப்பது மாதிரி ஒரு கரகரப்பு இருக்கும். மைக்கையும் அங்கேயே கொண்டுபோய் வைத்து, "கேட்கிறதா இந்தக் கரகரப்பு?" என்றேன். யாரும் பேசவில்லை. கடைசியில் ஒரு பெண் மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், மோட்டாரை எப்போ ஓடவிடுவீங்க?"

மோட்டார் அப்போது பத்து நிமிடமாக ஓடிக்கொண்டிருந்தது. வீடியோ கால் மென்பொருள்கள் மனிதக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற சத்தத்தை இரைச்சல் என்று வடிகட்டிவிடும். மின்விசிறிச் சத்தம் எப்படி வெட்டுப்படுகிறதோ அப்படியே என் மோட்டாரும் வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது. நான் சொல்லவந்த பாடமே அந்தச் சத்தம்தான், அதைத் தவிர மற்ற எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அமைப்புகளுக்குள் போய் இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிட்டுத் திரும்பவும் செய்தேன், அப்புறம் கேட்டது. உங்கள் வகுப்பிலும் சத்தத்தை வைத்துச் சொல்லும் பாடம் இருந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

இது சின்ன விஷயம், ஒரு பட்டனில் சரியாகிவிடும். பட்டனில் சரியாகாத இன்னொன்று இருக்கிறது: நமக்கே தெரியாமல் நம் கை செய்கிற வேலை. மைக்கேல் போலானி என்கிற வேதியியல் அறிஞர், பின்னாளில் தத்துவத்துக்கு வந்தவர், நமக்குத் தெரிந்தது நம்மால் வாயால் சொல்ல முடிவதைவிட அதிகம் என்பதை விளக்கி எழுதியிருக்கிறார். அதற்கு எனக்குத் தெரிந்து மிக நல்ல உதாரணம் ஒரு நீலக்கல் படிகம். ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் கருவிக்காக, ஒரு நீலக்கல் படிகத்தை மெல்லிய இழையில் தொங்கவிட்டுத் தட்டினால் எவ்வளவு நேரம் அதிர்ந்துகொண்டிருக்கும் என்று அளக்க வேண்டியிருந்தது. மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பிராகின்ஸ்கியின் குழு அளந்து வெளியிட்டும்விட்டது. மேற்கு நாட்டு ஆய்வகங்களில் சுமார் 20 வருடம் அந்த அளவைத் திரும்ப எடுக்க முடியவில்லை. அளவே பொய்யோ என்ற சந்தேகம்கூட வந்துவிட்டது. கடைசியில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில், மாஸ்கோக்காரர்களோடு சேர்ந்து உட்கார்ந்து வேலை பார்த்த பிறகுதான் முடிந்தது. இந்தக் கதையைப் பக்கத்திலிருந்து கவனித்து 2001-ல் எழுதியவர் ஹாரி காலின்ஸ் என்ற சமூகவியலாளர். அவர் பார்த்தவற்றில் ஒன்று: தொங்கவிடும் இழைக்குக் கொஞ்சம் எண்ணெய்ப்பசை வேண்டும், மாஸ்கோ விஞ்ஞானி அதை மூக்குத் தண்டிலோ காதுக்குப் பின்னாலோ ஒரு இழுப்பு இழுத்துக்கொள்வார். பார்த்தால்தான் தெரியும், கட்டுரையில் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடிய சங்கதி இல்லை. அவர் மறைக்கவும் இல்லை. இப்படி ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

உங்கள் முப்பது வருடத்துக்குள் இப்படி எத்தனை மூக்குத் தண்டு இருக்கிறதோ, உங்களுக்கே தெரியாது. பக்கத்தில் ஒரு பையன் நின்றால் "ஏன் சார் அதைத் தொட்டுப் பார்த்தீங்க?" என்று கேட்பான், அப்போதுதான் அது வெளியே வரும். ஆன்லைனில் தொலைந்துபோவது அந்தக் கேள்விதான். ஆளுக்கு ஆள் இருக்கும் பாசம், முகம் பார்த்துப் பேசும் சுகம் என்று எதையெதையோ சொல்கிறார்கள், எனக்கும் அதெல்லாம் பிடிக்கும், ஆனால் தொழில் கைமாறுகிற இடம் அந்தக் கேள்வி.

அதனால் நான் சொல்வது இதுதான்: கேமராவைத் திருப்புங்கள். நீங்கள் செய்வதை அவர்கள் பார்ப்பதைவிட, அவர்கள் செய்வதை நீங்கள் பாருங்கள். ஒருவரை மட்டும் கூப்பிட்டு, ஃபோனைக் கைக்கு மேலே கட்டித் தொங்கவிடச் சொல்லி, வேலையைச் செய்யச் சொல்லுங்கள், மற்றவர்கள் பார்க்கட்டும். நான் அப்படிச் செய்த முதல் நாளே ஒருவர் குழாய் இணைப்பின் பிளாஞ்ச் போல்ட்டுகளை வரிசையாக வட்டம் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் முழுக்க இறுகி எதிர்ப்பக்கம் காஸ்கெட், அதாவது கசிவைத் தடுக்க நடுவில் வைக்கும் அடைப்பு, வாயைத் திறந்துகொண்டு நின்றது. எதிரெதிர் போல்ட்டாகக் குறுக்கே போய், கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு மூன்று சுற்றில் இறுக்க வேண்டும் என்று அதற்கு முன்னால் எட்டு வகுப்பில் நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. நேரில் என்றால் சொல்லவே வேண்டியதில்லை, கையைப் பிடித்து எதிர் போல்ட்டில் வைத்துவிடுவேன். அதுவே பழகிப்போனதால் அது ஒரு பாடம் என்பதே மறந்துபோயிருக்கிறது.

அப்புறம், "சந்தேகம் இருக்கா" என்று பொதுவாகக் கேட்பதை விட்டுவிடுங்கள். பத்து மொழிகளில் பேச்சை அளந்து 2009-ல் வெளிவந்த ஆய்வில், ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் தொடங்க ஆகும் இடைவெளி சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று கண்டிருக்கிறார்கள். வீடியோ காலில் இணையத் தாமதமே அந்த இடைவெளியைத் தின்றுவிடும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து, இரண்டு பேரும் "நீங்க சொல்லுங்க" என்று பின்வாங்கி, முடிவில் யாரும் சொல்லாமல் போவது அதனால்தான். உங்கள் மாணவர்களுக்கு அக்கறை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் இருக்கிற கேள்வியாகக் கேளுங்கள்: "உங்க பக்கத்துல இருக்கிற பம்புல கையை வச்சுப் பாருங்க, எந்தப் பக்கம் சூடு அதிகம்?"

ஒரு மணி நேர வீடியோ எடுத்து வைப்பதிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. வேலை நடுவில் மாட்டிக்கொண்டவன் அதில் நாற்பத்தோராவது நிமிடத்தைத் தேடிக்கொண்டிருக்க மாட்டான். ஒரு கோளாறு, மூன்று நான்கு நிமிடம், தலைப்பில் அந்தக் கோளாறின் பெயர். எடுக்கும்போது அந்த வேலை தெரியாத ஒருவரைக் கேமராவுக்குப் பின்னால் உட்காரவைத்து, வாயில் வந்ததையெல்லாம் கேட்கச் சொல்லுங்கள். அந்தக் கேள்விகளை வெட்டாமல் வீடியோவிலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: மென்பொருள் வேலைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது, முழுக்க வீட்டிலிருந்து. என் குழுவில் இருக்கும் சீனியர்களை நான் நேரில் பார்த்ததே இல்லை. எல்லாரும் இருக்கும் குழுவில் கேள்வி கேட்கக் கூச்சமாக இருக்கிறது, முட்டாள்தனமாகத் தெரியுமோ என்று பயம். தனியாக மெசேஜ் போட்டால் ஒரு வரியில் பதில் வருகிறது, புரிவதில்லை, மறுபடி கேட்கவும் முடிவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கூச்சத்துக்கு நீங்கள் மட்டும் காரணம் இல்லை, முதலில் அதை மனதில் வையுங்கள். ஒரு பெரிய நிறுவனத்தின் மென்பொருள் பொறியாளர்களை வைத்து நடாலியா இமானுவேல், எம்மா ஹாரிங்டன், அமான்டா பலாயிஸ் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். அங்கே ஒருவர் எழுதிய நிரலுக்கு மற்றவர்கள் கருத்துச் சொல்வது எப்போதுமே ஆன்லைனில்தான், பக்கத்து நாற்காலியில் இருந்தாலும். அப்படியிருந்தும், ஒரே கட்டடத்தில் உட்கார்ந்திருந்த குழுக்களில் புதியவர்களுக்கு வந்த கருத்துகள் அதிகம், இரண்டு கட்டடங்களில் பிரிந்து கிடந்த குழுக்களில் குறைவு. பெருந்தொற்றில் எல்லாரும் வீட்டுக்குப் போனதும் அந்த வித்தியாசம் சுருங்கிவிட்டது. எனக்கு இதில் பிடித்த விஷயம், எழுதிப் போடும் கருத்துகூடப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் பெருகுகிறது என்பது. முகம் தெரிந்தவனுக்கு எழுதக் கை வருகிறது, அவ்வளவுதான். இன்னொன்றையும் அவர்கள் மறைக்கவில்லை: பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்த சீனியர்கள் அந்த நாட்களில் தாங்கள் எழுதும் நிரலைக் குறைவாகத்தான் எழுதினார்கள். உங்களுக்கு ஒரு வரியில் பதில் போடுகிறவர் திமிர் பிடித்தவராக இருக்க வேண்டியதில்லை, நேரம் இல்லாதவராக இருக்கலாம். ஆகவே மாதத்துக்கு ஒருமுறையாவது ஒருவரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்கி, முகம் பார்த்துப் பேசுங்கள், வேலை சம்பந்தமாக ஒன்றும் இல்லாவிட்டாலும். அதற்கப்புறம் வரும் பதில்கள் நீளமாக இருக்கும்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். தனியாகக் கேட்காதீர்கள், பொதுவில் கேளுங்கள். தனியாகக் கேட்டால் அந்த ஒருவர் ஓய்ந்திருந்தால்தான் பதில். பொதுவில் கேட்டால் யாராவது ஒருவர் சும்மா இருப்பார், அதோடு அதே சந்தேகத்தை வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்கும் நான்கு பேருக்கும் பதில் கிடைக்கும். 2006-ல் ஜேக்கப் நீல்சன் என்பவர் இணையக் குழுக்களைப் பற்றி ஒரு தோராயக் கணக்கு சொன்னார்: நூறு பேரில் 90 பேர் படிக்க மட்டும் செய்வார்கள், 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், 1 ஆள்தான் தொடர்ந்து எழுதுவார். நீங்கள் அமைதியாக இருக்கும் 90 பேருக்கும் சேர்த்துக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்படிக் கேட்பது என்பதும் முக்கியம். "சார், பில்டு ஃபெயில் ஆகுது, ஹெல்ப் பண்ணுங்க" என்று போட்டால் பதில் சொல்ல வருகிறவர் முதலில் ஐந்து கேள்வி கேட்க வேண்டும், அதற்குச் சோம்பல்பட்டே கடந்து போய்விடுவார். இப்படி எழுதிப் பாருங்கள்: "பயனர் படம் ஏற்றும் பகுதியைச் சோதிக்கப் பார்க்கிறேன். என் கணினியில் ஓடுகிறது, சர்வரில் அனுமதி மறுப்பு என்று பிழை வருகிறது, பிழை முழுக்கக் கீழே. ஃபோல்டர் அனுமதியை மாற்றிப் பார்த்தேன், அதே பிழை. சர்வரில் வேறு பயனர் பெயரில் ஓடுகிறதோ என்று சந்தேகம், அதை எங்கே பார்ப்பது?" இதில் என்ன செய்ய வந்தீர்கள், என்ன நடந்தது, என்ன முயன்றீர்கள், உங்கள் ஊகம் என்ன என்று எல்லாம் இருக்கிறது. முதலாவதை மறக்கவே மறக்காதீர்கள். என்ன செய்ய வந்தோம் என்பதை விட்டுவிட்டு, நாமாகக் கண்டுபிடித்த பாதி வழியில் மாட்டிக்கொண்டதை மட்டும் கேட்டால், வழியே தப்பு என்று சொல்லக்கூடியவருக்கும் அது தெரியாமல் போய்விடும். இப்படி எழுத உட்கார்ந்தாலே சில நேரம் பாதியில் விடை தெரிந்துவிடும், அப்போது கேள்வியை அழித்துவிடாமல் விடையோடு சேர்த்துப் போடுங்கள்.

பதில் புரியவில்லை என்றால் "புரியவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். "நீங்கள் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன், சரியா?" என்று உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள். எங்கே பிசகியது என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

கேள்வி: சிறிய மருத்துவமனையில் தனி ஆளாக இருக்கும் பொது மருத்துவர் நான். சிறப்பு மருத்துவர்கள் வெகுதூரம். ஆன்லைனில் வாராவாரம் நோயாளி விவரங்களை வைத்துக் கலந்துபேசும் குழு ஒன்றில் சேரச் சொல்கிறார்கள். நேரில் பயிற்சி எடுக்காமல் இப்படிப் பேசிக் கற்றுக்கொள்வதில் உண்மையில் பலன் இருக்குமா?

பதில்: சேருங்கள், யோசிக்காதீர்கள். இதில் என் அபிப்பிராயத்தைவிடக் கெட்டியான ஒன்று இருக்கிறது.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் கல்லீரல் நிபுணர் சஞ்சீவ் அரோரா 2003-ல் 'எக்கோ' என்ற திட்டத்தைத் தொடங்கினார். ஹெபடைட்டிஸ் சி நோயாளிகள் அவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு இருந்த சிகிச்சை பக்கவிளைவுகள் நிறைந்தது, பொது மருத்துவர்கள் தொடவே தயங்குவார்கள். அவர் நோயாளிகளைத் தன்னிடம் வரவழைப்பதை விட்டுவிட்டு, சுற்றிலும் இருந்த பொது மருத்துவர்களை வாராவாரம் வீடியோவில் கூட்டினார். ஒருவர் தன் நோயாளியின் விவரத்தைப் பெயர் சொல்லாமல் முன்வைப்பார், நிபுணர்களும் மற்ற மருத்துவர்களும் கேள்வி கேட்பார்கள், அப்புறம் ஒரு சின்னப் பாடம். அடுத்த வாரம் அதே நோயாளிக்கு என்ன ஆயிற்று என்று திரும்பவும் பேசலாம்.

2011-ல் இதன் முடிவுகள் வெளியாயின. 407 நோயாளிகள். பல்கலைக்கழக மருத்துவமனையில் நிபுணர்களிடம் சிகிச்சை பெற்றவர்களில் 57.5 சதவீதம் பேருக்கு வைரஸ் நீங்கியது. எக்கோவில் சேர்ந்த பொது மருத்துவர்களின் 21 இடங்களில் 58.2 சதவீதம். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கடுமையான பக்கவிளைவுகள் பொது மருத்துவர்களிடம் குறைவாகவே இருந்தன.

இது ஏன் வேலை செய்தது என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். பாடத்தை மட்டும் ஒளிபரப்பியிருந்தால் இந்த முடிவு வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு மருத்துவர் தன் முன்னால் உட்கார்ந்திருக்கும் உண்மையான நோயாளியைப் பற்றி, அன்றைக்கே முடிவெடுக்க வேண்டிய ஒன்றைக் கேட்கிறார். அதற்குப் பதில் சொல்லப்போனால் நிபுணர் புத்தகத்தில் இல்லாததையும் சொல்லியாக வேண்டும்: இந்த ரத்த எண் எவ்வளவு இறங்கினால் பதற வேண்டும், எவ்வளவு வரை பொறுக்கலாம், இந்த ஆளிடம் இதை எப்படிச் சொல்வது. மேலே முதல் கடிதத்தில் சொன்ன அந்தக் கேள்வி இங்கே திரை வழியாகவே திரும்பி வந்துவிடுகிறது.

நீங்கள் சேரும் குழு அப்படிப்பட்டதா என்று மட்டும் பாருங்கள். ஒருவரே பேசி முடிக்கும் கூட்டம் என்றால் விட்டுவிடுங்கள். முதல் மாதத்துக்குள் உங்கள் நோயாளி ஒருவரைப் பற்றி வாயைத் திறந்துவிடுங்கள், தப்பாகச் செய்துவிட்டோமோ என்று உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றையே எடுத்துவையுங்கள். கேட்டுக்கொண்டு மட்டும் ஆறு மாதம் இருந்தால் அப்புறம் பேச வராது.

கேள்வி: தெரிந்ததையெல்லாம் இலவசமாக இணையத்தில் போட்டுவிட்டால் நாளைக்கு என்னை யார் கூப்பிடுவார்கள்? தொழில் ரகசியம் என்று ஒன்று வேண்டாமா?

பதில்: இந்தப் பயம் நியாயமானது, வயிற்றுப் பிழைப்பு சம்பந்தப்பட்டது. ஆனால் என் கண் முன்னால் நடந்தது நேர் எதிராகத்தான் இருந்தது: போட்டவர்களைத்தான் கூப்பிட்டார்கள்.

ஜெராக்ஸ் நிறுவனத்தின் நகல் இயந்திரப் பழுதுபார்ப்பவர்களோடு ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர் சுற்றித் திரிந்து பார்த்தார். நிறுவனம் கொடுத்த கையேட்டில் இல்லாத கோளாறுகளை அவர்கள் சாப்பாட்டு வேளையில் கதை சொல்லிச் சொல்லித்தான் தீர்த்துக்கொண்டார்கள். 1990-களில் அதே நிறுவனம் இந்தக் கதைகளைக் கணினிக்குள் கொண்டுவர 'யுரேகா' என்ற முறையை உருவாக்கியது, பிரான்சில்தான் தொடக்கம். ஒருவர் குறிப்பு எழுதி அனுப்புவார், அனுபவமுள்ள சக பணியாளர்கள் சோதித்துப் பார்த்துச் சரி என்றால் எல்லாருக்கும் போகும், எழுதியவர் பெயரோடு. குறிப்புக்குப் பணம் கொடுக்கலாமா என்ற பேச்சு வந்தபோது அந்தப் பழுதுபார்ப்பவர்கள் வேண்டாம் என்றார்கள், பெயர் இருந்தால் போதும் என்றார்கள்.

அதனால் உங்கள் பெயரோடு போடுங்கள். பெயரில்லாமல் போட்டது ஊர் சொத்தாகிவிடும். எப்படிச் செய்வது என்பதைத் தாராளமாகச் சொல்லலாம், எப்போது செய்யக் கூடாது என்று பார்த்தவுடன் சொல்ல உங்களைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும். முதலாளிக்கோ வாடிக்கையாளருக்கோ சொந்தமான வடிவமைப்பு, ஒப்பந்தத்தில் வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டது, இதெல்லாம் உங்களுடையது இல்லை, அதைத் தொடாதீர்கள்.

கேள்வி: "நேரில் இருந்தால்தான் தொழில் வரும்" என்று எங்கள் மேலாளர் எல்லாரையும் திரும்பவும் அலுவலகத்துக்கு வரச் சொல்கிறார். வந்து பார்த்தால் ஆளுக்கு ஒரு ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு தனித்தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறோம். அவர் சொல்வது சரியா?

பதில்: பாதி சரி. புது யோசனைகளைக் கொட்ட வேண்டிய வேலைக்கு நேரில் இருப்பது நல்லது. 2022-ல் மெலனி பிரக்ஸ், ஜொனதன் லெவாவ் இருவரும் வெளியிட்ட ஆய்வில், வீடியோவில் பேசிய ஜோடிகளுக்கு நேரில் பேசியவர்களைவிடக் குறைவான யோசனைகள்தான் வந்தன. பார்வை திரைக்குள்ளேயே அடைபட்டுவிடுவதால் மனமும் அலைவதில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆனால் வந்த யோசனைகளில் எதை எடுப்பது என்று முடிவு செய்வதில் வீடியோ கூட்டம் எந்தவிதத்திலும் பின்தங்கவில்லை.

மற்ற பாதிக்கு, இறைச்சி வெட்டும் தொழில் பழகியவர்களைப் பற்றி 1972-ல் வந்த ஆய்வைச் சொல்ல ஆசைப்படுகிறேன். பெரிய அங்காடிகளின் இறைச்சிப் பிரிவுகள் அவை. பழகுநர்களைப் பொட்டலம் கட்டும் இயந்திரத்தில் நிறுத்திவிட்டார்கள், அது வெட்டும் மேஜைகள் கண்ணில் படாத இடத்தில் இருந்தது. ஒரே கூரையின் கீழ் நாள் முழுக்க இருந்தும் பெரியவர்கள் எப்படி வெட்டுகிறார்கள் என்று அவர்கள் பார்க்கவே முடியவில்லை. ஜீன் லாவே, எட்டியென் வெங்கர் இருவரும் 1991-ல் இதை எடுத்துப் பேசும்போது, இதன் பக்கத்தில் லைபீரியாவின் தையற்காரர்களை வைத்தார்கள். அங்கே பழகுநன் முதலில் செய்வது கடைசி வேலையைத்தான்: பொத்தான் தைப்பது, ஓரம் மடிப்பது. அப்படியே பின்னோக்கிப் போய்க் கடைசியில்தான் துணியை வெட்டுவான். வெட்டத் தொடங்கும் நேரத்தில் முழு ஆடை எப்படி உருவாகிறது என்பது அவனுக்குக் கண்ணால் பார்த்துப் பார்த்தே தெரிந்திருக்கும்.

உங்கள் அலுவலகம் இப்போது அந்தப் பொட்டலம் கட்டும் அறை மாதிரி இருக்கிறது. மேலாளரிடம் சண்டை போட வேண்டாம், இதை மட்டும் கேளுங்கள்: "நாங்கள் வரும் நாட்களில் யார் வேலையை யார் பார்க்கப் போகிறோம்?" வாரத்தில் ஒரு காலை, சீனியர் ஒருவர் தன் உண்மையான வேலையைப் பெரிய திரையில் போட்டுச் செய்யட்டும், தடுமாறும்போது வாய்விட்டு யோசிக்கட்டும். அது நடக்கிறது என்றால் பயணம் பண்ணி வரலாம். அது இல்லாவிட்டால் வீட்டிலிருந்தே திரையைப் பகிர்ந்து அதையே செய்தால்கூட இப்போது இருப்பதைவிட மேல்.

கேள்வி: வேலையில் சந்திக்கும் சிக்கல்களைப் படம் எடுத்து எங்கள் தொழில் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். வாடிக்கையாளர் பெயரை எழுத மாட்டேன். அது போதுமா?

பதில்: போதாது. படத்தில் பெயர் நாம் பார்க்காத இடத்தில்தான் இருக்கும். பின்னால் இருக்கும் பலகையில், இயந்திரத்தின் வரிசை எண்ணில், கண்ணாடியில் விழும் நிழலில், திறந்து கிடக்கும் கணினித் திரையில். ஃபோனில் எடுக்கும் படக்கோப்புக்குள் எடுத்த இடமும் நேரமும் சேர்ந்தே பதிவாகியிருக்கலாம், கோப்பாக அனுப்பினால் அதுவும் கூடவே போகும். குழுவில் இருநூறு பேர் இருந்தால் அதில் ஒருவராவது அந்த வாடிக்கையாளருக்குத் தெரிந்தவராக இருப்பார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வாடிக்கையாளரிடம் கேளுங்கள். "இந்தக் கோளாறு மற்றவர்களுக்கும் உதவும், பெயர் வராமல் போடலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும். சரி என்றால் கோளாறு இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, அந்த வெட்டிய படத்தையே திரைப்பிடிப்பாக எடுத்துப் போடுங்கள். ஒருமுறை நான் ஓர் அழுத்தமானியின் படத்தைப் போட்டேன், முள் எங்கே நிற்கிறது என்று காட்டத்தான். பத்து நிமிடத்தில் ஒருவர் தனியாக மெசேஜ் போட்டார்: "அண்ணா, மீட்டர் கண்ணாடியில் பின்னால் இருக்கும் போர்டு தலைகீழாகத் தெரிகிறது, உடனே எடுத்துடுங்க." எடுத்துவிட்டேன். அதற்குள் நாற்பத்தி மூன்று பேர் பார்த்திருந்தார்கள். அன்று சாயங்காலமே அந்த வாடிக்கையாளருக்கு ஃபோன் பண்ணி நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.